கரையிலே கற்ற துணிவு

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலத்தின் மேற்குக் கரையில், அருவியாறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அண்மையில் அரிப்பு என்னும் ஊர் இருக்கிறது. அங்கே பழைய கோட்டை ஒன்று உண்டு. அதற்குச் சிறிது தூரத்தில், கடலுக்கு மேலே எழுந்து நிற்கும் செம்மண் கரையின் விளிம்பில், இடிந்த மாளிகை ஒன்றும் உண்டு. இலங்கையின் முதல் ஆங்கிலத் தேசாதிபதியாக இருந்த பிரெடெரிக் நோர்த், 1801ஆம் ஆண்டுக்கும் 1804ஆம் ஆண்டுக்கும் இடையில், கிரேக்க நாட்டு டோரிக் முறையில் அதனைக் கட்டுவித்தார். முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்கென்றே எழுந்த மாளிகை அது. ஊரின் பெயரை மெய்ப்பிப்பது போலக் கடல் கரையை அரித்துக்கொண்டே வர, மாளிகையும் சிறிது சிறிதாகச் சரிந்து வருகிறது.

முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்ட ஆண்டுகளில் இக்கரையில் திடீரென ஒரு நகரமே தோன்றும். தமிழகத்துக் கரையிலிருந்தும், மலையாளக் கரையிலிருந்தும், அரபு நாட்டுத் துறைகளிலிருந்தும் குளியாட்கள் வந்து கூடுவர். நள்ளிரவில் தரைக்காற்று வீசத் தொடங்கியதும் வள்ளங்கள் பாய் விரித்துப் புறப்படும். விடியும் வேளையில் சிப்பிகள் நிறைந்த பார்களை அடையும். ஒரு வள்ளத்தில் பத்துக் குளியாட்கள் இருப்பர். ஐவர் நீரில் இருக்கும்போது ஐவர் இளைப்பாறுவர். குளியாள் பாரமான கல்லிலே காலை ஊன்றி, மூக்கை விரல்களாற் பொத்திக்கொண்டு, ஐந்து பாகத்திற்கும் மேற்பட்ட ஆழத்திற்கு இறங்குவான். ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வாரிப் பையில் இட்டுக் கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவன் அவனை இழுத்துக்கொள்வான்.

ஆனால், முதற் குளியாள் நீரில் இறங்குவதற்கு முன்னே வேறொருவர் தம் கடமையைச் செய்து முடித்திருக்க வேண்டும். அவருக்குக் கடற்கட்டி என்று பெயர். சுறாமீன்களின் வாயை மந்திரத்தாற் கட்டி, கடலைக் குளியாட்களுக்குத் தீங்கற்றதாக்குபவர் அவர் என்பது நம்பிக்கை. மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகரத்து யாத்திரிகர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இவ்வழக்கத்தைப் பற்றிக் கேட்டறிந்து எழுதியிருக்கிறார். மீன்களைக் கட்டுவோருக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு உரியது என்பது அவர் தரும் செய்தி. ஆங்கில ஆட்சிக் காலத்திலும் இவ்வழக்கம் நீடித்தது. 1859ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட எமர்சன் டெனென்ட், கடற்கட்டி என்ற தமிழ்ப் பெயரையே குறித்து அவரது தொழிலை விவரிக்கிறார். மந்திரத்தில் நம்பிக்கையற்ற ஆட்சியாளர்கள் கடற்கட்டிக்கு ஏன் ஊதியம் கொடுத்தார்கள்? கடற்கட்டி இல்லையேல் குளியாட்கள் கடலில் இறங்கமாட்டார்கள் என்பதே காரணம்.

இந்தக் காரணம் சிந்தித்தற்குரியது. கடற்கட்டியின் மந்திரம் சுறாவை என்ன செய்ததென்று எவராலும் அளந்து கூற முடியாது. மனிதனை என்ன செய்ததென்று கூற முடியும். அச்சம் கொண்டவனுடைய இதயம் விரைந்து துடிக்கும், தசைகள் இறுகும், உடலிலுள்ள உயிர்வளி விரைவில் செலவாகும். அமைதி கொண்டவனோ அதே மூச்சை நெடுநேரம் தாங்குவான். ஒரு நிமிட மூச்சிலே பிழைப்பு நடத்துபவனுக்கு மன அமைதி என்பது உடலின் வலிமைக்கு நிகரான முதல் ஆகும். கரையிலே பிறந்த துணிவு, கடலின் அடியிலே சிப்பிகளின் எண்ணிக்கையாக மாறிற்று.

எனினும் கடற்கட்டி கொடுத்த துணிவில் ஒரு குறை இருந்தது. அவர் அச்சத்தை அகற்றினார்; திறமையைக் கற்பிக்கவில்லை. மூச்சை அடக்கும் பழக்கத்தையும், கல்லை விட்டுக் கயிற்றைப் பற்றும் வேளையையும் குளியாள் வேறிடத்தில், வேறொருவரிடத்தில் கற்றுக்கொண்டே வந்திருக்க வேண்டும். துணிவையும் திறமையையும் ஒருங்கே, ஆபத்தில்லாத ஓரிடத்திலே கொடுக்க ஒரு வழி உண்டா என்பதே விளையாட்டுப் பயிற்சி அளிப்போர் இன்று கேட்கும் வினா. அதற்கு விடையாக அவர்கள் காட்டுவது மெய்ந்நிகர் பயிற்சிப் பொறி. சிமுலேட்டர் என்று வழங்கப்படுவது அதுவே.

விளையாட்டுக்குப் புதிதாக வருபவனை இரண்டு அச்சங்கள் சூழ்ந்துகொள்கின்றன. ஒன்று, அடிபடுவோமோ என்பது. விரைந்து வரும் பந்து, ஆழமான நீர், சரிந்து விழும் துவிச்சக்கர வண்டி ஆகியவற்றைக் கண்டு உடல் பின்வாங்குகிறது. மற்றொன்று, பிறர் நகைப்பரோ என்பது. பந்தைத் தவறவிட்ட சிறுவனை மைதானத்து ஓரத்தில் நிற்பவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். மறுநாள் அவன் வருவதில்லை. பலர் விளையாட்டைக் கைவிடுவது இந்த இரண்டாம் அச்சத்தினாலேயே. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடுமையானது. ஊரார் கண் முன்னே விழுந்து எழுந்து கற்க அவர்கள் கூசுகிறார்கள். கற்பிக்கும் ஆசிரியர்கள் உடல் வலிமையை வளர்க்கக் காட்டும் அக்கறையை, கூச்சத்தைத் தீர்ப்பதற்கு எப்போதும் காட்டுவதில்லை.

வள்ளுவர் ஊக்கமுடைமை என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஊக்கத்தை உள்ளத்தின் உடைமையாக வைத்தார். அந்த உடைமை எவ்வழியால் வந்து சேர்கிறது என்பதை ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ஆல்பர்ட் பண்டுரா. 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் அவர், தன்னால் முடியும் என்னும் நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுக்கள் உண்டென்றார். தானே செய்து வென்ற அனுபவம் முதலாவது. தன்னை ஒத்த ஒருவர் வெல்லக் காண்பது இரண்டாவது. மதிக்கத்தக்கவர் கூறும் ஊக்க மொழி மூன்றாவது. நெஞ்சின் துடிப்பும் கையின் நடுக்கமும் அடங்கிய உடல்நிலை நான்காவது. இந்நான்கினுள் மிக வலியது முதலாவதே என்பது அவருடைய முடிவு.

இந்த அளவுகோலை அரிப்புக் கடற்கரையில் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். கடற்கட்டி கொடுத்தவை மூன்றாவதும் நான்காவதும். முன்னே குளித்து எழுந்த தோழனைப் பார்ப்பதால் இரண்டாவது கிடைத்தது. முதலாவதை மட்டும் கடலே கொடுக்க வேண்டும். கடலோ முதற் பாடத்திலேயே உயிரைக் கேட்கக்கூடிய ஆசிரியர். ஆகவே, ஆபத்தில்லாத இடத்தில் சிறு சிறு வெற்றிகளைத் தொடக்கக்காரனுக்கு முன்கூட்டியே கொடுக்க முடியுமானால், வலிமை மிக்க அந்த முதல் ஊற்று அவனுக்குத் திறந்துவிடும். பயிற்சிப் பொறியின் பயன் முழுவதும் இந்த ஒன்றிலே அடங்கியிருக்கிறது.

பொறி புதிது, கருத்து பழையது. உரோமப் போர்வீரர்கள் உண்மைக் குதிரையில் ஏறுமுன் மரக்குதிரையில் ஏறிப் பழகினர் என்று வெகீசியஸ் என்னும் ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். முதலில் ஆயுதமின்றியும் பின்னர் ஆயுதத்துடனும் அவர்கள் ஏறினர். அவர்கள் கையிலிருந்த மரவாள் உண்மை வாளைப்போல இருமடங்கு எடையுள்ளது. நம் நாட்டுச் சிலம்ப ஆசான் மாணவனை முதல் நாளே எதிரியின் முன் நிறுத்துவதில்லை. கால் வைக்கும் சுவடுகளைக் கற்பித்த பின்னரே கம்பை எதிர்க் கம்பின்மேல் பட விடுகிறார்.

இயந்திர உலகில் இக்கருத்துக்கு உருவம் கொடுத்தவர் எட்வின் லிங்க் என்னும் அமெரிக்க இளைஞர். அவருடைய தந்தை பியானோவும் ஓர்கன் என்னும் இசைக்கருவியும் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். ஓர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே, தரையில் நின்றபடி விமானம்போல் சாய்ந்தும் திரும்பியும் அசையும் சிறு கூண்டு ஒன்றை அவர் 1929ஆம் ஆண்டில் அமைத்தார். தொடக்கத்தில் அதைக் களியாட்டப் பொருளாகவே பலரும் கருதினர். 1934ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் ஏற்றிச் செல்லும் பொறுப்பை ஏற்றனர். கெட்ட காலநிலையில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பழக்கமின்மையால், சில வாரங்களுக்குள் விமானிகள் பலர் மடிந்தனர். அதன் பின்னரே இராணுவம் லிங்கின் கூண்டுகளுள் ஆறினை வாங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது இலட்சக்கணக்கான இளைஞர்கள் அக்கூண்டில் அமர்ந்தே பறக்கப் பழகினர். விபத்தை எத்தனை முறையும் செய்து பார்க்கலாம். எழுந்து நடந்து உணவு உண்ணப் போகலாம். இவ்வசதியே அதன் சிறப்பு.

1968ஆம் ஆண்டில் ஐவன் சதர்லண்ட் என்னும் அறிஞர் தலையில் அணிந்து பார்க்கும் காட்சிக் கருவி ஒன்றை உருவாக்கினார். அணிந்தவன் தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். அதன் வழித்தோன்றல்களே இன்று வி.ஆர். கண்ணாடி என்று கடைகளில் விற்கப்படுபவை. அதை அணிந்தவன் தன் வீட்டு அறையில் நின்றவாறே மைதானத்தின் நடுவில் நிற்பதாக உணர்கிறான். இக்கருவி அச்சத்தைத் தணிக்குமா என்பதை மருத்துவர்களே முதலில் ஆராய்ந்தனர். உயரத்தைக் கண்டு நடுங்குவோரை, கண்ணாடி காட்டும் பாலங்களிலும் மாடங்களிலும் படிப்படியாக நிற்கச் செய்து அச்சத்தைக் குறைக்க முடியும் என்பதை பார்பரா ரொத்பாமும் அவருடைய துணைவர்களும் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிற் காட்டினர். காட்சி பொய் என்று அறிவு அறியும். உடல் மட்டும் அதை மெய்யென்று கொண்டு நடுங்கும். நடுங்கிப் பழகிப் பின் அடங்கும். அவ்வாறு அடங்கக் கற்ற உடல் உண்மையான உயரத்திலும் சற்றே அடங்கி நிற்கும்.

விளையாட்டுத் துறையிலும் இதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொப் கிரே, பேஸ்போல் ஆடும் பாடசாலை மாணவர் 80 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து ஆறு வாரங்கள் ஆராய்ந்தார். வழக்கமான பயிற்சி ஒரு குழுவுக்கு. உண்மை மைதானத்தில் மேலதிகப் பயிற்சி மற்றொரு குழுவுக்கு. மெய்ந்நிகர் பொறியில் மேலதிகப் பயிற்சி மூன்றாம் குழுவுக்கு. நான்காம் குழுவுக்கும் பொறியே கொடுக்கப்பட்டது. ஆனால் ஆடுபவன் முன்னேற முன்னேறப் பந்தின் கடினமும் ஏறுமாறு அது அமைக்கப்பட்டது. 2017ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, மிகுந்த முன்னேற்றம் கண்டது அந்த நான்காம் குழு. பொறி இருந்தால் மட்டும் போதாது. மாணவனின் நிலை அறிந்து அவனுக்கு ஒரு படி மேலே நிற்கும் பொறி வேண்டும் என்பது இதனாற் புலனாகிறது. வெகீசியஸ் கூறிய இருமடங்கு எடையுள்ள மரவாளும் இதே உண்மையைத்தான் சொல்லிற்று.

பொறியிலே தொடங்கி மெய்யான களத்தில் வென்றோரும் உளர். ஜான் மார்டன்பரோ என்னும் வேல்ஸ் நாட்டு இளைஞர் கார்ப் பந்தயத்தைத் தொலைக்காட்சித் திரையில் விளையாட்டாக ஆடியவர். 2011ஆம் ஆண்டில், திரையில் ஆடுவோருக்கென நடத்தப்பட்ட போட்டி ஒன்றில் பல்லாயிரவரை வென்றார். அதன்பின் உண்மையான காரில் முறையான பயிற்சி பெற்று, 2013ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற லெமான் 24 மணிநேரப் பந்தயத்தில் தம் வகுப்பில் மூன்றாம் இடத்தைப் பிடித்த குழுவில் ஒருவரானார். ஜே வைன் என்னும் அவுஸ்திரேலியர், வீட்டில் நிறுத்தி வைத்த துவிச்சக்கர வண்டியைத் திரையோடு இணைத்து மிதிக்கும் முறையில் நடந்த தேர்வில் 2020ஆம் ஆண்டு வென்று, தொழில்முறைக் குழுவில் இடம் பெற்றார். அவர் துவிச்சக்கர வண்டிக்குப் புதியவர் அல்லர். ஆயினும் ஐரோப்பியக் குழுக்களின் கண்ணில் படாத தொலைதேசத்தவர். 2022ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டைச் சுற்றி வரும் பெரும் பந்தயத்தில் இரண்டு மலைக் கட்டங்களை வென்றார். சர்வதேச ஒலிம்பிக் குழுவும் 2021ஆம் ஆண்டில் பேஸ்போல், துவிச்சக்கர வண்டி, படகு வலித்தல், பாய்மரப் படகு, மோட்டார்ப் பந்தயம் ஆகிய ஐந்துக்கும் மெய்ந்நிகர்ப் போட்டிகளை நடத்திற்று.

இவற்றையெல்லாம் கேட்கும் நேயர் ஒருவர், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று வினவலாம். திரையில் நீந்தியவன் கடலில் நீந்துவானா? வினா நியாயமானதே. இதற்கு மழுப்பாமல் விடை கூற வேண்டும்.

பயிற்சிப் பொறியால் கொடுக்க முடியாதவை உள. நீரின் குளிர்ச்சியை அது கொடுக்காது. காதில் ஏறும் அழுத்தத்தைக் கொடுக்காது. மூச்சு முட்டும் கணத்தில் உடல் போடும் கூச்சலை அது அறியாது. திரையிலே கார் கவிழ்ந்தால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். களத்தில் அந்தப் பொத்தான் இல்லை. 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் மார்டன்பரோவின் கார் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டி விழுந்தது. அவர் உயிர் தப்பினார். பார்வையாளர் ஒருவர் உயிரிழந்தார். மிகத் தேர்ந்தவர்க்கும் நேரக்கூடிய விபத்து அது. திரை எந்நாளும் கற்பிக்க இயலாத பாடமும் அதுவே.

மன்னார்க் கடலுக்கு இந்த எச்சரிக்கை மிகவும் பொருந்தும். பழைய முத்துக்குளிப்பு மறைந்துவிட்டது. சங்கும் கடலட்டையும் எடுக்க, காற்று அடைத்த உருளையை முதுகில் கட்டி ஆழத்தில் இறங்குவோர் வடமேற்குக் கரையில் இன்றும் உளர். ஆழத்தில் அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிப்பவனுடைய குருதியில் நைதரசன் கரைகிறது. அவன் மெல்ல எழுந்தால் அது மூச்சோடு வெளியேறும். விரைந்து எழுந்தால் சோடாப் போத்தலைத் திறந்தாற்போலக் குமிழ்கள் தோன்றி, மூட்டுக்களையும் முள்ளந்தண்டையும் தாக்கும். சிலர் நடை இழப்பர். சிலர் உயிர் இழப்பர். இங்கே அச்சமின்மையே பகையாகிறது. இன்னொரு முறை இறங்கினால் என்ன, சற்று விரைந்து எழுந்தால் என்ன என்று கேட்கும் துணிவு வீரமாகாது; அறியாமை அணிந்த வேடம் அது. பாக்குநீரிணையை 1971ஆம் ஆண்டில் 51 மணி நேரத்தில் இருவழியும் நீந்திக் கடந்த வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன், 1984ஆம் ஆண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர் நீத்தார். கடலைத் தன் முற்றமாக அறிந்தவரையும் குளிர்ந்த கடல் விட்டுவைக்கவில்லை.

ஆதலால், தொடக்கக்காரனுக்கு ஊட்ட வேண்டிய நம்பிக்கை அளவுடைய நம்பிக்கை. அவனுடைய உண்மைத் திறமையின் எல்லைவரை அது வளர வேண்டும். எல்லையைக் கடந்து வளரலாகாது. பொறியைப் பயன்படுத்துவோர் இதை மனத்திற்கொண்டால் நான்கு நெறிகள் தாமே விளங்கும்.

முதலாவது, படிமுறை. முழங்கால் நீர், இடுப்பளவு நீர், கழுத்தளவு நீர் என்று கடற்கரைச் சிறுவன் பழகுவது போலவே பொறியிலும் எளியது முன்னும் அரியது பின்னும் வரவேண்டும். பத்துப் பந்தில் ஏழையாவது அடிக்கக்கூடிய வேகத்திலே தொடங்கலாம். ஏழு எட்டாகும்போது வேகத்தைக் கூட்டலாம். எல்லாவற்றையும் அடித்தால் சலிப்பு வரும். ஒன்றையும் அடிக்காவிட்டால் வெறுப்பு வரும். இரண்டுக்கும் நடுவே ஊக்கம் இருக்கிறது.

இரண்டாவது, ஒப்பீடு. பொறி எண்களைக் காட்டும். அவ்வெண்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எண்களோடு ஒப்பிடுவது கூச்சத்தை மீண்டும் வரவழைக்கும். நேற்றைய தன் எண்ணோடு இன்றைய தன் எண்ணை ஒப்பிடக் கற்ற பிள்ளை நாளையும் வருவான். தவறுகளைப் பிறர் காணாமல் செய்து பார்க்க ஓரிடம் கிடைப்பது, கூச்சமுடைய பிள்ளைக்கு இப்பொறி தரும் பெருங்கொடை. அதை மதிப்பெண் பட்டியலாக்கிக் கெடுத்துவிடலாகாது.

மூன்றாவது, களம். பொறியில் பெற்ற வெற்றியின் சூடு ஆறுமுன்னே பிள்ளையை உண்மை மைதானத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். திரையிலேயே நின்றுவிட்டவன் திரைக்கே வீரனாவான். இன்று திரையில் அடித்த அதே அடியை, இன்று மாலையே மெல்லிய பந்தில் அடித்துப் பார்க்கட்டும். முதல் முறை தவறினால், திரைக்கும் தரைக்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியர் எடுத்துச் சொல்லட்டும். அவ்வேறுபாட்டை மறைத்தால் பிள்ளை தன்னையே குறை கூறிக்கொள்வான்.

நான்காவது, ஆசிரியர். பொறி புகழும், மணியடிக்கும், விண்மீன் காட்டும். ஆனால் பிள்ளையின் முகத்தைப் படிக்காது. இன்று இவன் சோர்ந்திருக்கிறான், போதும் என்று அது சொல்லாது. இவன் அளவுக்கு மீறித் துணிகிறான், தடுக்க வேண்டும் என்றும் அது அறியாது. ஊக்குவிக்கும் சொல்லுக்கும் தடுக்கும் சொல்லுக்கும் உரியவர் ஆசிரியர் ஒருவரே.

விலையுயர்ந்த கண்ணாடிகளும் பொறிகளும் அரிப்பு போன்ற ஊர்களுக்கு எப்போது வந்து சேரும் என்று கவலைப்படுவோர் இருக்கலாம். கருத்தைப் பிடித்துக்கொண்டால் கருவி பின்னால் வரும். கிரிக்கெட் உலகில் எவரும் எட்டாத 99.94 என்னும் ஓட்டச் சராசரியைப் பெற்ற டொனால்ட் பிராட்மன், சிறுவயதில் பவ்ரல் என்னும் சிற்றூரில் தனியே விளையாடினார். கோல்ப் பந்து ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் எறிந்து, விரைந்து திரும்பி வருவதை ஒரு ஸ்டம்பினால் அடித்துப் பழகினார். சிறிய பந்து, மெல்லிய கம்பு, எதிர்பாராத திசை! உண்மை ஆட்டத்தைவிடக் கடினமான போலி ஆட்டம் அது. அந்தத் தொட்டியே அவருடைய பயிற்சிப் பொறி. அடித்தாலும் தவறினாலும் பார்ப்பதற்கு ஆளில்லை, ஆகையால் கூச்சமுமில்லை.

பழைய காலுறைக்குள் பந்தை இட்டு வேப்பமரக் கிளையில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் அதுவும் ஒரு பொறியே. கிண்ணத்து நீரில் முகத்தை அமிழ்த்தி மூச்சை மெல்ல வெளிவிடப் பழகும் பிள்ளை, கடலுக்குள் இறங்குமுன்னே கடலின் முதற் பாடத்தைக் கற்றுவிடுகிறது. சுவரில் சுண்ணாம்பாற் கோடு கீறி உதைபந்தை அதற்குள் உதைக்கும் சிறுவன், கோடுகளை நெருக்கி நெருக்கிக் கீறினால், ரொப் கிரே நான்காம் குழுவுக்கு அமைத்த பொறியின் தத்துவத்தையே கையாளுகிறான். பாடசாலைக்குக் கணினித் திரை ஒன்று கிடைக்கும் நாளில், அதனை எப்படிப் பயன்படுத்துவது என்பது அத்தகைய பிள்ளைக்கு முன்பே தெரிந்திருக்கும்.

அரிப்புக் கரையிலே ஒரு காலத்தில் இறங்கிய குளியாளிடம் மீண்டும் செல்வோம். கடற்கட்டியின் மந்திரம் அவன் காதில் ஒலித்தது. கரையிற் பெற்ற பழக்கம் அவன் உடலில் இருந்தது. இவ்விரண்டும் அவனைக் கடலுக்குள் கொண்டு சென்றன. ஆனால் அவனை மீண்டும் மேலே கொண்டுவந்தது கயிறு. அக்கயிற்றை யாரிடம் கொடுப்பது என்பதில் குளியாட்கள் மிக எச்சரிக்கையாக இருந்தனர். முத்துக் குளிப்பவனின் கயிற்றை மைத்துனன் பிடிப்பதே வழக்கம் என்று இக்கரைகளில் வாழ்வோர் கூறுவர். தன் உடன்பிறந்தாள் கைம்பெண்ணாகலாகாது என்னும் கவலை உடையவன் கயிற்றில் ஏற்படும் சிறு அசைவையும் தவறவிடான் என்பது அதன் கருத்து.

பயிற்சிப் பொறி வளரட்டும். அரிப்பிலும் சிலாவத்துறையிலும் வங்காலையிலும் வாழும் பிள்ளைகள், பிறர் நகைப்பாரோ என்ற கூச்சமின்றி, திரையின் முன்னோ சுவரின் முன்னோ நூறு முறை தவறி நூற்றோராம் முறை வெல்லட்டும். வென்ற துணிவோடு மைதானத்திற்கும் கடலுக்கும் போகட்டும். அவர்கள் போகும்போது கயிற்றின் மறுமுனையில் ஒருவர் கண் இமையாது நிற்க வேண்டும். தந்தையோ, தமையனோ, ஆசிரியரோ, அவர் யாராயினும், அந்தப் பிள்ளை திரும்பி வருவதில் அக்கறை உள்ளவராக இருக்க வேண்டும்.